ஒப்பாரிக்கு இடமில்லாத இழப்பு



தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால் அதனைத் தெரு முழுவதும் அறியும். வாசலை அடைத்துப் பந்தல் எழும், நாற்காலிகள் வந்திறங்கும், பறை முழங்கும். உள்ளே பெண்கள் சூழ்ந்தமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். இரவு ஏறியதும் பந்தலிலே மரண கானா தொடங்கும். வெளியூர் உறவினர் வந்து சேரும்வரை சடலத்தருகே விழித்திருக்க வேண்டும். அந்த நீண்ட இரவுக்குப் பாட்டுத்தான் துணை. பதினாறாம் நாள் காரியத்தின்போதும் இப்பாட்டு ஒலிப்பதுண்டு.

இக்கானாவைக் காது கொடுத்துக் கேளாமலேயே, குடித்தவர் போடும் கூச்சல் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். சற்றே நின்று கேட்பின் அதில் ஓர் ஒழுங்கு புலப்படும். டோலக்கு கிடைத்தால் டோலக்கு. கிடைக்காவிடில் கவிழ்த்த பாத்திரமோ மேசைப் பலகையோ தாளம் தரும். பாடுபவர் இறந்தவரின் பெயரைச் சொல்லுவார்; மனைவி மக்களின் பெயரைச் சொல்லுவார்; அவர் செய்த தொழிலையும், உயிரோடிருந்த நாளில் அவர் காட்டிய அன்பையும் எடுத்துரைப்பார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், ஆலையில் இயந்திரத்தோடு இயந்திரமாய் உழைத்தவர், காசிமேட்டில் வலை இழுத்தவர் ஆகியோரின் மறைவைச் செய்தித்தாள் எழுதுவதில்லை. எனினும் அந்த ஓர் இரவில் அவர்தம் பெயர் தாளத்தோடு முழங்குகின்றது. ஏழைக்குக் கிடைக்கும் இரங்கற் கூட்டம் அதுவே.

ஒப்பாரிக்கும் மரண கானாவுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. அவை போனவரைப் பற்றி ஊருக்கு உரைப்பதோடு நில்லாமல், போனவரையே முன்னிலைப்படுத்திப் பேசுகின்றன. 'அவர் போய்விட்டார்' என்பது செய்தி. 'நீ போய்விட்டாயே' என்பது அழுகை. கேட்கமாட்டார் என்று நன்கறிந்தும் அவரையே விளித்துப் பேசுகின்ற அந்த நிலையிற்றான் இழப்புப் பாடலின் உருக்கம் முழுவதும் அடங்கியுள்ளது.

இவ்வூரின் பெயரிலேயே அத்தகைய ஒரு பாட்டுக் குரல் ஒளிந்திருக்கின்றது. இராமநாதபுரச் சீமையிலே தொண்டிக்கு அருகே பிறந்து, துறவு பூண்டு, இராயபுரம் பகுதியில் வந்து தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு 1838-ஆம் ஆண்டில் மறைந்தார். தொண்டியிலிருந்து வந்த அவரைத் 'தொண்டியார்' என்று மக்கள் அழைத்தனர் என்றும், அதனாலேயே அவ்விடம் தொண்டியார்பேட்டை எனப் பெயர்பெற்றுத் தண்டையார்பேட்டை ஆயிற்று என்றும் கூறுவர். இறைவனைப் பிரிந்த ஏக்கத்தை, காதலியைப் பிரிந்தவன் தவிப்பாக நேருக்கு நேர் நின்று பாடியவர் அவர். கானா பாடுவோர் பலர் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றுகின்றனர்.

சாவு வீட்டிலும் தெருமுனையிலும் வளர்ந்த கானா, பின்னர்த் திரைப்படத்திலும் இடம்பிடித்தது. 1990-களில் இசையமைப்பாளர் தேவா அதனைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சென்றார். 2018-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் அமைந்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு சென்னையில் முதன்முறையாக மேடையேறியபோது, கானாப் பாடகரும் மேனாட்டு ராக் இசைக் கலைஞரும் ஒருங்கே நின்று பாடினர். ராக் இசைக்கும் சாவு வீட்டுப் பாட்டுக்கும் என்ன உறவு என்று வியப்போருக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பிறந்த ஒரு பாடலை ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகின்றேன்.

பிங்க் ஃபிளாய்ட் என்னும் இலண்டன் இசைக்குழு 1965-இல் உருவாயிற்று. 'புரோகிரசிவ் ராக்' என்று வழங்கும் வகையில், பல பகுதிகள் கொண்ட நெடும் இசைக்கோவைகளைப் படைத்துப் புகழ்பெற்ற குழு இது. அதன் தொடக்க காலத்தில் பாட்டெழுதிப் பாடி அதற்கு உயிராக விளங்கியவர் சிட் பாரெட் என்னும் இளைஞர். போதைப் பொருள் ஒருபுறமும் மனநலக் கேடு மறுபுறமும் அவரை வருத்தின. மேடையில் நின்றவர் கித்தாரை மீட்டாமல் வெறித்துப் பார்த்திருந்த நாள்களும் உண்டு. 1968-இல் அவரில்லாமலேயே குழு நடைபோடத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 22.

ஏழாண்டுகள் கழிந்தன. புகழும் பொருளும் குவிந்த நிலையில், 1975-ஆம் ஆண்டு, பிரிந்த நண்பனின் நினைவு மேலோங்க அக்குழுவினர் ஓர் இசைத்தொகுப்பை உருவாக்கிக் கொண்டிருந்தனர். 'நீ இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்' என்று பொருள்படும் 'விஷ் யூ வேர் ஹியர்' என்பது அதன் பெயர். அதிலுள்ள ஒரு பாட்டுக்கும் அதுவே பெயர். அவ்வாண்டு ஜூன் திங்களில் ஒரு நாள், ஒலிப்பதிவுக் கூடத்தினுள் பருத்த உடலும், மொட்டைத் தலையும், மழித்த புருவமுமாக ஒரு மனிதர் வந்து நின்றார். எவரோ அயலார் என்றே நெடுநேரம் எண்ணினர். சிட் பாரெட்தான் அவர் என்று தெரிந்தபோது நண்பருள் சிலர் கண்ணீர் விட்டனர். 'நீ இங்கே இல்லையே' என்று எவரை நினைந்து இசையமைத்தனரோ, அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஆயினும் அவர் அங்கே இல்லை.

அப்பாட்டின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். எங்கோ தொலைவிலுள்ள வானொலியில் நிலையங்கள் மாறிமாறிக் கரகரக்கின்றன. அதனூடே ஒரு கித்தார் மெலிந்து ஒலிக்கின்றது. சிறிது நேரத்தில், நம் அருகே அமர்ந்து எவரோ மீட்டுவது போல மற்றொரு கித்தார் தெளிவாக எழுந்து அதனோடு சேர்கின்றது. தூரத்துக் கித்தாருக்கு அருகிலுள்ள கித்தார் பதில் சொல்லுகின்றது. தூரத்துக் கித்தாருக்கோ இது கேட்டதாகத் தெரியவில்லை. சொல் பிறக்கும் முன்னரே இழப்பு முழுவதும் கூறப்பட்டுவிடுகின்றது. முடிவிலோ காற்றின் ஓசையில் பாட்டு கரைந்து போகின்றது. ஆங்கிலம் அறியாதாரும் இதனைக் கேட்டுக் கலங்குவதன் காரணம் இதுவே. போனவரை முன்னிலைப்படுத்தி அழைக்கும் நம் ஒப்பாரியின் இலக்கணம் இங்கும் பிசகாமல் நிற்கின்றது.

ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஒப்பாரி இறந்தாருக்கு உரியது. இப்பாட்டோ உயிரோடிருந்த ஒருவரை இழந்தமைக்குப் பிறந்தது. சிட் பாரெட் கேம்பிரிட்ஜ் நகரிலே ஓவியம் தீட்டியும் தோட்டம் பேணியும் அமைதியாக வாழ்ந்து 2006-இல் தமது 60-ஆம் வயதில் காலமானார். நண்பர்கள் அவரை இழந்ததோ அதற்கு 38 ஆண்டுகள் முன்னரே! அந்த 38 ஆண்டுத் துயருக்குப் பந்தலும் இல்லை, பறையும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை.

வாசகர்களே, இத்தகைய இழப்பு நம் தெருக்களில் இல்லையா? வடசென்னையின் சந்துகளிலே கதவு சாத்திய வீடுகள் சிலவற்றை நீங்களும் அறிவீர்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகன் திடீரெனத் தனக்குத்தானே பேசத் தொடங்கினான். பெற்றோர் அவனைப் பின்னறையில் வைத்து உலகுக்கு மறைத்தனர். குடியிலே தன்னை இழந்த கணவன் நாள்தோறும் வீடு திரும்புகின்றான். மணமுடித்து வந்த அந்த மனிதன் மட்டும் திரும்பவேயில்லை. முதுமையிலே நினைவிழந்த தாய், பெற்ற மகளைப் பார்த்து 'நீ யாரம்மா?' என்று கேட்கின்றாள். கடல் தொழிலுக்குச் சென்றவரின் கதை வேறுவகை. 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் குமரிக் கடற்கரையினர் பலர் உடலும் கிடைக்காமல் மறைந்தனர். ஏழாண்டுகள் எச்செய்தியும் வராதவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடந்தருகின்றது. மனைவியின் மனத்துக்கு எந்தச் சட்டம் கெடு வைக்கும்?

பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டு, 1999-இல் நூலாகவும் எழுதினார். உடல் இருந்து உள்ளம் இல்லாமை ஒருவகை. உள்ளத்தில் இருந்து உடல் இல்லாமை மற்றொரு வகை. இரண்டிலும் துயரத்துக்கு முடிவு தெரிவதில்லை. ஊர் கூடித் தேற்றும் சடங்கும் இல்லை. ஆதலின் துயருறுவோர், 'இதற்கெல்லாம் அழலாமா?' என்று தம்மையே கடிந்துகொண்டு ஊமையாகின்றனர்.

எனவே நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. முதலாவது, அத்தகைய வீட்டுக்குச் செல்லுங்கள். சாவு வீட்டுக்குச் செல்லத் தயங்காத நாம் இவ்வீட்டு வாசலை ஏன் ஒதுங்கிக் கடக்கவேண்டும்? இரண்டாவது, அந்த மகனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பள்ளியில் அவன் எப்படிப் பாடினான், கேரம் பலகையில் எப்படி வென்றான் என்று தாயைச் சொல்லச் செய்யுங்கள். கானாப் பாடகர் இறந்தவருக்குச் செய்வதை, உயிரோடிருப்பவருக்கு நாம் செய்யக்கூடாதா? மூன்றாவது, மனநோய்க்கு மருத்துவம் உண்டு என்பதை எடுத்துரையுங்கள். 1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இன்றும் இயங்குகின்றது. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த 'ஸ்கார்ஃப்' நிறுவனமும் சென்னையிலேயே உள்ளது. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். சிட் பாரெட்டின் காலத்தில் இல்லாத மருந்துகள் பல இன்று உள்ளன. இறந்தவர் திரும்பார்; இவர்களுள் பலர் திரும்பக்கூடியவர்கள்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், நெடுங்காலம் பிணங்கிப் பிரிந்திருந்த அக்குழுவினர் இலண்டன் ஹைட் பூங்காவில் ஒரே மேடையில் கூடி அப்பாட்டைப் பாடினர். அங்கு இல்லாதவர் அனைவருக்காகவும், சிறப்பாகச் சிட் பாரெட்டுக்காகவும் பாடுவதாகப் பல்லாயிரவர் முன்னிலையில் அறிவித்தனர். அன்று அவர் உயிரோடுதான் இருந்தார். இருக்கும்போதே அவர் பெயர் சொல்லப்பட்டது.

நம் தெருவிலும் பெயர் சொல்லி அழைக்கப்படக் காத்திருப்போர் உளர். பந்தல் போடும் நாள்வரை நாம் ஏன் பொறுத்திருக்க வேண்டும்?