காட்டுத் தீயும் லோரிக்காரர் ஓய்வும்

அமெரிக்க நாட்டில் காடு பற்றிக்கொண்டால் தீயணைப்புப் படைக்குப் பின்னால் இன்னொரு படையும் புறப்படுகிறது. அது லோரி ஓட்டுநர்களின் படை. குடிதண்ணீர், டீசல், தீயணைக்கும் விமானங்களுக்கு எண்ணெய், வீட்டை விட்டு ஓடி வந்தவர்களுக்குச் சாப்பாடு, படுக்கை, மருந்து, கால்நடைகளுக்குத் தீனி ஆகிய இத்தனையும் லோரியில்தான் வந்து சேர வேண்டும். 2018 நவம்பர் 8-ஆம் தேதி கலிபோர்னியாவில் மூண்ட தீ பாரடைஸ் என்னும் ஊரை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கியது. 85 பேர் மாண்டனர், 18,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 16,000-க்கு மேல் அழிந்தன. இப்படிப்பட்ட சமயங்களில் லோரி ஓட்டுநர்களின் வேலை நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்கு அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது.

"எங்கோ அமெரிக்காவில் எரிகிற காட்டைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் என்ன பேச்சு?" என்று தோழர்கள் கேட்கலாம். பேச்சு காட்டைப் பற்றியதல்ல, வேலை நேரத்தைப் பற்றியது. வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது உலகத்தில் எந்தத் தொழிற்சங்கத்துக்கும் ஆதிக் கோரிக்கை. அந்த எல்லையை "அவசரம்" என்ற ஒரு சொல்லால் நகர்த்த முடியும் என்றால், அந்தச் சொல்லை நாமும் உற்றுப் பார்க்கத்தான் வேண்டும். இந்த நாட்டில் 1948 ஜூன் மாதம் பிறந்த அவசரகாலம் 1960 ஜூலையில்தான் முடிந்தது. தொழிற்சங்கங்கள் அதில் பட்ட பாட்டை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் சரக்கு லோரி ஓட்டுகிறவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதையும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். 8 மணி நேரம் ஓட்டினால் அரைமணி நேரம் நிறுத்த வேண்டும். 7 நாளில் 60 மணி அல்லது 8 நாளில் 70 மணி வேலை செய்தாகிவிட்டால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. இது ஓட்டுநர்மேல் கொண்ட இரக்கத்தால் மட்டும் வந்த விதியல்ல. 17 மணி நேரம் கண்விழித்தவனின் கையும் புத்தியும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவனுடையதைப் போலத் தடுமாறுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 1997-இல் எழுதினார்கள். 36 டன் எடையுள்ள வண்டியின் சக்கரத்தைப் பிடித்திருப்பவன் அப்படித் தடுமாறினால், சாவு அவனோடு நிற்காது.

ஆகவே தளர்த்தவே கூடாதா? அப்படிச் சொல்பவன் நானல்ல. ஓர் ஊரே புகையில் மூச்சுத் திணறும்போது, தண்ணீர் லோரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "என் 11 மணி முடிந்தது" என்று இருபது மைல் இப்பால் வண்டியை நிறுத்திவிடுவது தொழிலாளி தர்மமும் அல்ல, மனித தர்மமும் அல்ல. எந்த நல்ல ஓட்டுநரும் அப்படிச் செய்யமாட்டார். தளர்த்துவது நியாயமே. எதற்கு, எத்தனை நாள், யார் செலவில் என்பதுதான் வழக்கு.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவது என் தொழில். ஒரு தோட்டத்தில் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்தபோது, லோரி டிரைவர் இரண்டு இரவு கண் மூடாமல் லயத்து ஜனங்களையும் அரிசி மூட்டைகளையும் மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒருவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்துவிட்டது. அன்றிரவும் அவரை அனுப்பினார்கள், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு! அந்த ஓட்டத்துக்கும் "வெள்ள வேலை" என்றே என்னிடம் சீட்டு வந்தது. அந்தச் சீட்டைத் திருப்பியனுப்பி, சங்கத்தின் மூலம் பேசிய பிறகே அந்த இரவுக்குரிய ஓவர்டைம் அவர் கைக்கு வந்தது.

இந்த வித்தை அமெரிக்க முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் அங்கே அவசர உத்தரவுகளில், சாதாரண வியாபாரச் சரக்கோடு பெயருக்குக் கொஞ்சம் நிவாரணச் சாமானை ஏற்றிக்கொண்டு சலுகை கேட்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைக்கிறார்கள். எழுத வேண்டி வந்தது என்றாலே யாரோ முயன்றிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நாள் கணக்கில் இன்னும் பெரிய கதை இருக்கிறது. கொரோனா நோய் பரவிய 2020 மார்ச் 13-ஆம் தேதி, நாடு முழுவதற்கும் லோரி நேரத் தளர்வு அறிவிக்கப்பட்டது. அது திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 2022 அக்டோபர் 15-ஆம் தேதிதான் முடிவுக்கு வந்தது. இரண்டரை வருஷ அவசரம்! பின்னர் 2023 டிசம்பர் 12 முதல் விதியை மாற்றினார்கள். மாநில ஆளுநர் அறிவிக்கும் அவசரத்துக்கு முன்பு 30 நாள் தானாகவே கிடைத்த விலக்கு 14 நாளாகக் குறைந்தது. முன்பு பாதுகாப்பு விதிகளின் பெரும் பகுதியே விலகிப் போகும். இப்பொழுது ஓட்டும் நேரம் ஒன்றுதான் விலகும். சோர்ந்தவனும் நோயாளியும் ஓட்டக் கூடாது என்ற விதி அப்படியே நிற்கும். லோரி முதலாளிகள் என்ன சொன்னாலும், இது நல்ல திருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஜனாதிபதியே அறிவிக்கும் அவசரத்துக்கு இன்னும் பழைய 30 நாள், பழைய முழு விலக்கு. எழுத்துப்படி பார்த்தால், சோர்ந்தவன் ஓட்டக் கூடாது என்பதும் அதில் அடங்கிப் போகிறது. பெரிய தீ வந்தால் தூக்கம் வராது என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

தீயணைக்கும் காலத்தில் சாலை எப்படி இருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். 2016 மே மாதம் கனடாவில் போர்ட் மக்மரி ஊரிலிருந்து 88,000 பேர் வெளியேறினார்கள். தீ நேரடியாக ஓர் உயிரையும் கொள்ளவில்லை. ஆனால் வெளியேறும் வழியில் நெடுஞ்சாலையில் காரும் கனரக லோரியும் மோதி இரண்டு இளம் உயிர்கள் போயின. அந்த விபத்தில் யார்மேல் குற்றம் என்பது இங்கே பேச்சல்ல. பயந்தவர்களும் களைத்தவர்களும் ஒரே சாலையில் ஓடுகிற நேரம் அது என்பதே பேச்சு.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். இதுதான் என் மனத்தை அதிகம் உறுத்துவது. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம், வாரத்துக்கு 40 மணிக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்று வகுத்தது. ஆனால் போக்குவரத்து அதிகாரிகள் நேரம் நிர்ணயிக்கும் கனரக லோரி ஓட்டுநர்கள் அந்த ஒன்றரை மடங்கிலிருந்து விலக்கப்பட்டார்கள். (விவசாயத் தொழிலாளியும் அதே போல விலக்கப்பட்டவர்தான். தோட்டத்து மக்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.) ஓட்டுநருடைய வேலை நேரத்தை வேறொரு சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதே அந்த விலக்குக்கு ஆதாரம். நல்லது. தீ வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறார்களே, அப்பொழுது ஒன்றரை மடங்கு திரும்பி வருகிறதா? இல்லை! எல்லையும் போயிற்று, எல்லைக்குப் பதிலாக வரவேண்டிய கூலியும் இல்லை. சங்க ஒப்பந்தம் உள்ளவர்கள் ஓரளவு தப்பித்துக்கொள்வார்கள். மைல் கணக்கில் கூலி வாங்குகிற மற்றவர்கள், போலீஸ் தடுப்பில் ஐந்து மணி நேரம் காத்து நின்றாலும் அந்த ஐந்து மணிக்கு மைல் ஏறுவதில்லை.

நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் 60ஏ பிரிவும் விபத்து நேர்ந்தால், நேரும் அபாயம் இருந்தால், சமூகத்தின் வாழ்வுக்கு இன்றியமையாத வேலையாக இருந்தால், நேர எல்லையைத் தாண்டி வேலை வாங்க அனுமதிக்கிறது. 12 மணி என்ற உச்சவரம்பும் அப்பொழுது விலகும். ஆனால் கூடுதல் மணிக்கு ஒன்றரை மடங்குக்குக் குறையாத சம்பளம் என்ற வரி விலகுவதில்லை. நம் சட்டம் குறையற்றதா? இல்லை, மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இருந்தாலும் கதவைத் திறந்து வைத்த கையாலேயே கல்லாப்பெட்டியையும் திறக்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் தலைவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: ஓட்டும் நேரம் தளர்த்தப்படுகிற அன்றே, தளர்ந்த ஒவ்வொரு மணிக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் ஒன்றரை மடங்கு. செலவு நிவாரணக் கணக்கில் சேரட்டும். விமானத்துக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கிற அரசாங்கம் இதற்கும் கொடுக்கலாம்.

ஓய்வு விஷயத்தில் அவர்கள் சட்டத்தில் ஒரு நல்ல ஷரத்து உண்டு. நிவாரண வேலை முடிந்த ஓட்டுநர், "எனக்கு உடனே ஓய்வு வேண்டும்" என்று சொன்னால், திரும்பி வரச் சொல்லுமுன் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஆனால் சட்டம் அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கிறது. சொந்த லோரிக்குக் கடன் கட்டுகிறவரும், நாளை லோடு கிடைக்குமோ என்று பயப்படுகிறவரும் எப்படி வாய் திறப்பார்கள்? கேட்டால் கொடுப்பது என்பதை மாற்றி, கேளாமலே கொடுப்பது என்று ஆக்க வேண்டும்.

அதுவரையில் இந்த ஷரத்தாவது ஓட்டுநர் கையில் இருக்கட்டும். கலிபோர்னியாவில் லோரி ஓட்டுகிறவர்களில் பஞ்சாபி சீக்கியர்களும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் ஏராளம். 2025 ஜூன் முதல், சாலைச் சோதனையில் ஆங்கிலம் போதாதென்று கண்டால் அவர்களை அங்கேயே வண்டியிலிருந்து இறக்கிவிடும் உத்தரவும் அமுலுக்கு வந்திருக்கிறது. ஆபீஸ் சுவரில் ஆங்கிலத்தில் ஒட்டிய நோட்டீஸைப் படிக்கத் தெரியாமல் எத்தனை உரிமைகளை நம் முன்னோர் இழந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். தீப்பிடித்த ஊருக்குப் போகும் ஒவ்வொரு லோரியிலும் அந்த 10 மணி நேர ஷரத்தைப் பஞ்சாபியிலும் ஸ்பானிஷிலும் அச்சிட்டு, ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே ஒட்டிவைக்கும்படி அங்குள்ள சங்கங்கள் கேட்கட்டும்.