வாட்ஸ் முக்கியமா, காது முக்கியமா?

மதுரை விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டி வீடா? அப்படியானால் பஸ் ஹாரனுக்கு நடுவேதான் நீங்கள் பாட்டுக் கேட்டாக வேண்டும். உடனே என்ன செய்கிறோம்? வால்யூமைத் திருகுகிறோம். புது செட் வாங்கப் போனாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான்.

இங்கேதான் தப்புப் பண்ணுகிறோம். 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். சின்ன ஹாலுக்கு அது வீண் செலவு.

காதுக்கோ அந்த 3 டெசிபலே பெரிசு! பெரியவர்கள் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 90-ஐத் தொட்டால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

ஆகவே, ரோட்டுச் சத்தத்தோடு போட்டி போடாதீர்கள்; அதைத் தடுக்கப் பாருங்கள். ஸ்பீக்கரில் கேட்பவர்கள் ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் கிட்டே உட்காருங்கள். ஹெட்போன் என்றால் காது முழுவதையும் மூடுகிற ரகமாக வாங்குங்கள். கடையிலேயே மாட்டி, குறைந்த வால்யூமில் கேளுங்கள். வரிகள் தெளிவாக விழுகிறதா? அதுதான் உங்களுக்கு ஏற்றது.

பாட்டை நிறுத்திய பிறகும் காதில் 'ஙொய்' என்கிறதா? சத்தம் அதிகம் என்று காது சொல்கிறது. இரைச்சல் நீடித்தால் காது டாக்டரைப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். காது போனால்?