லைப்னிட்ஸ் கோட்டைவிட்ட கணக்கு

1672-ம் ஆண்டு. தூதரக வேலையாக பாரிஸ் வந்திருந்தார் ஓர் இளம் ஜெர்மானிய வழக்கறிஞர். வயது 26. பெயர் லைப்னிட்ஸ். கணிதத்தில் ஆர்வம் இருந்ததே தவிர, அப்போது பெரிய பயிற்சி கிடையாது. அங்கே அவருக்கு அறிமுகமானார் டச்சு மேதை ஹைகன்ஸ். ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். இளைஞரைச் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கைக் கொடுத்தார்.

1 + 1/3 + 1/6 + 1/10 + 1/15 + ...

முடிவே இல்லாமல் போகும் இந்த வரிசையின் கூட்டுத்தொகை என்ன?

ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் ஆயுசுக்கும் முடியாது. லைப்னிட்ஸ் கூட்டவில்லை, பிரித்தார். 1 என்பதை 2/1 – 2/2 என்று எழுதினார். 1/3 என்பது 2/2 – 2/3. 1/6 என்பது 2/3 – 2/4. 1/10 என்பது 2/4 – 2/5. இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் கழிபடுவது அடுத்ததில் கூடிவிடுகிறது. எல்லாம் அடிபட்டுப்போய் முதலில் நிற்கும் 2/1 மட்டுமே மிஞ்சும். விடை 2.

பிளஸ் ஒன் கணிதத்தில் 'பகுதி பின்னங்கள்' என்று வருவது இந்த வித்தைதான். பின்னங்களைக் கூட்டி ஒன்றாக்கச் சின்ன வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறோம். ஒன்றான பின்னத்தைப் பழையபடி துண்டுகளாக்குவது அதன் தலைகீழ் வேலை. பாடப்புத்தகத்தில் எக்ஸ் வரும் இடத்தில் 'க' என்று வைத்துக்கொண்டால், லைப்னிட்ஸ் செய்தது இதுதான்:

2/க(க+1) = 2/க – 2/(க+1)

இது எதற்கு?

வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கண்டுபிடிக்க உதவுவது தொகையிடல். சிக்கலான பின்னத்தை அப்படியே தொகையிடுவது கஷ்டம். துண்டுகளாக்கிவிட்டால் ஒவ்வொன்றும் சுலபம். 1702-ல் லைப்னிட்ஸும் யோஹான் பெர்னூலியும் இந்த வழியை எழுதி வெளியிட்டார்கள்.

ஆனால், பின்னத்தைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் அதன் கீழே இருப்பதைக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் அப்படிப் பிரிக்க முடியுமா? இந்த இடத்தில்தான் லைப்னிட்ஸ் தடுக்கி விழுந்தார். க⁴ + அ⁴ என்ற கோவையை மெய்யெண்களைக் கொண்டு பிரிக்கவே முடியாது என்று எழுதிவிட்டார். அப்போது அவர் உலகம் அறிந்த கணித மேதை. நுண்கணிதத்தையே உருவாக்கியவர்களில் ஒருவர்.

1716-ல் அவர் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, யோஹானின் அண்ணன் மகன் நிக்கோலஸ் பெர்னூலி அதைப் பிரித்துக் காட்டினார். அ⁴ இருக்கும் இடத்தில் 4 போட்டு நாமும் செய்து பார்க்கலாம்.

க⁴ + 4 உடன் 4க² கூட்டி, அதையே கழித்துவிடுங்கள். மதிப்பு மாறாது.

க⁴ + 4க² + 4 – 4க² = (க² + 2)² – (2க)²

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம்! பள்ளியில் படித்த அதே பழைய சூத்திரம்தான்.

க⁴ + 4 = (க² + 2க + 2)(க² – 2க + 2)

சந்தேகமா? க = 3 என்று போடுங்கள். இடப்பக்கம் 81 + 4 = 85. வலப்பக்கம் 17 × 5 = 85.

கீழே இருப்பது உடைந்ததும் பின்னமும் உடைகிறது:

4க/(க⁴ + 4) = 1/(க² – 2க + 2) – 1/(க² + 2க + 2)

க = 1 என்றால் 4/5 = 1 – 1/5. சரிதானே?

ஏன் இரண்டோடு நிறுத்தினார்கள்?

ஒரு கோவை உடைந்துவிட்டது. மற்றவை? அந்தக் கேள்வி இன்னும் 80 ஆண்டுகள் ஓடியது. 1799-ல் 22 வயது காஸ் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இதைத்தான். மெய்யெண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவையையும் ஒருபடி, இருபடிக் காரணிகளாக உடைத்துவிடலாம் என்பது அதன் முடிவு.

பகுதி பின்னப் பாடத்தில் மாணவர்கள் சில வகைகளை மனப்பாடம் செய்கிறார்கள். கீழே ஒருபடிக் காரணி இருந்தால் மேலே வெறும் எண். உடையாத இருபடிக் காரணி இருந்தால் மேலே 'க'வும் ஓர் எண்ணும் கலந்த கோவை. உடையாத முப்படிக் காரணிக்கு என்ன செய்வது என்று புத்தகத்தில் இருக்காது. மெய்யெண்களில் அப்படி ஒன்று கிடையாது என்பதுதான் காரணம். அந்த ஒரு வரி வகுப்பில் சொல்லப்பட்டால், பாதிப் பிள்ளைகளுக்கு மனப்பாடச் சுமை குறையும். புத்தகத்தில் நாலு வரியில் முடியும் விதிக்குப் பின்னால், மேதைகளையே திணறடித்த ஒரு நூற்றாண்டு இருக்கிறது. முதல் நாளே புரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்காக 'உனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இந்த வாரக் கணக்கு: 1/2 + 1/6 + 1/12 + 1/20 + ... என்று 1/9900 வரை கூட்டினால் விடை என்ன? குறிப்பு: 9900 என்பது 99 × 100. கால்குலேட்டர் தேவையில்லை; ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் போதும்.