க்யூஆர் ஸ்டிக்கரும் கல்லாப்பெட்டிதான்: ஈசிஆர் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், ஒரு பெட்ரோல் பங்க் உட்பட சில கடைகளின் க்யூஆர் கோடு மீது இரவோடு இரவாக வேறு கோடு ஒட்டப்பட்டது. மறுநாள் வாடிக்கையாளர்கள் வழக்கம்போல ஸ்கேன் செய்தார்கள். பணம் போனது, கடைக்காரர் கணக்குக்கு வரவில்லை. ஹேக்கிங் இல்லை, பாஸ்வேர்டு திருட்டு இல்லை. கொஞ்சம் பசை, அவ்ளோதான்.

மாமல்லபுரமும் அதே மாதிரி ஊர்தான். 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் சுற்றுலாத் தலம். வருகிறவர் யாரென்று தெரியாது, சாயங்காலம் ஊரைவிட்டே போயிருப்பார். ஐந்து ரதம் பக்கம் இளநீர் விற்பவரும், கடற்கரைக் கோயில் போகும் வழியில் மீன் வறுக்கும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு போனையும் வாங்கிப் பார்க்க முடியுமா? “அனுப்பிட்டேன்கா” என்று காட்டுகிற பச்சை டிக், போலி ஆப் உருவாக்கிய படமாகவும் இருக்கலாம். அடுத்தவர் ஸ்கிரீன் ஆதாரமே இல்லை. உங்கள் சவுண்ட்பாக்ஸ் பேச வேண்டும், அல்லது உங்கள் ஆப்பில் வரவு தெரிய வேண்டும். காலையில் கடை திறந்ததும் வீட்டிலுள்ள யாருடைய போனிலிருந்தாவது ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரையில் வருவது உங்கள் பெயர்தானா? ஸ்டிக்கரை ராத்திரி வெளியே விடாமல் உள்ளே எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

கோவளம் முதல் கல்பாக்கம் வரை ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு வேறு வலை. “ராணுவ அதிகாரி பேசுறேன், பத்து ரூம் வேணும், அட்வான்ஸ் அனுப்ப இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்று போன் வரும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எப்போதும் தேவையில்லை. பின் கேட்டால், போகப்போவது உங்கள் பணம். வாட்ஸ்அப்பில் ‘புக்கிங் விவரம்’ என்று ஏபிகே ஃபைல் வந்தாலும் தொடாதீர்கள்.

2017-ல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு வெளிநாட்டு ஆர்டர் எடுப்பவர்கள் மெயிலில் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் மெயிலுக்குள் புகுந்தவர், ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று உங்கள் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு எழுதிவிடலாம். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். கணக்கு எண் மாறினால் நாங்களே போனில் சொல்வோம் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க யோசிக்காதீர்கள். உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. மோசடிப் பணத்தில் ஒருவர் உங்களிடம் சாப்பிட்டுவிட்டு யுபிஐ-யில் கொடுத்துப் போனால், அந்தச் சங்கிலியில் உங்கள் கணக்கும் சேர்ந்து முடங்கலாம். 2023-ல் கேரளத்தில் பல சிறு வியாபாரிகளுக்கு இது நடந்தது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்ற திசையில் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான வழி அதுதான். சில நூறு ரூபாய்க்காக ஒரு கடையின் மொத்த முதலையும் பூட்டுவது, திருடனை விட்டுவிட்டுக் கடைக்காரருக்குத் தண்டனை கொடுப்பது. அப்படி முடங்கினால், எந்த மாநிலப் போலீஸ், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் வங்கிக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அன்றைய பில்லை எடுத்துத் தனியாக வையுங்கள்.