சட்டியில் இருந்தால்தானே..!

கையைக் கீறிக்கொள்கிற மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர்கள் காதில், இப்போது 'டி.பி.டி.' என்ற பெயர் விழ ஆரம்பித்திருக்கிறது. டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்பதன் சுருக்கம். நல்ல சிகிச்சைதான், சந்தேகமே வேண்டாம். ஆனால், அதைத் தருகிறவர் அதை எங்கே, எப்படிக் கற்றுக்கொண்டார் என்று நாம் யாராவது கேட்கிறோமா?

இரண்டு நாள் வகுப்பு, கையில் சான்றிதழ், மறுநாள் வாசலில் போர்டு... இந்தக் கதையெல்லாம் இதற்கு ஆகாது என்பதுதான் என் கட்சி.

இதை உருவாக்கியவர் அமெரிக்காவில், சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த மார்ஷா லைனஹன். பதினேழு வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-ல் அவரே வெளியே சொன்னார். சிகிச்சையில் அவர் கண்டது இது: 'மாறு, மாறு' என்று மட்டும் சொன்னால், நோயாளி மனம் நொந்து எழுந்து போய்விடுகிறார். 'உன் வேதனை புரியுதும்மா' என்று மட்டும் சொன்னால், எதுவும் மாறுவதில்லை. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். 1991-ல் வெளியான அவருடைய ஓராண்டு ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. பாதியில் நிறுத்தியவர்களும் குறைவு.

சொல்வது சுலபம். 'செத்துப் போறேன்' என்று போனில் அழுகிற பெண்ணிடம் பதறாமல், எரிந்து விழாமல், அடுத்த பத்து நிமிஷத்தைத் தாண்ட வழி சொல்ல வேண்டுமே! ஏட்டுச் சுரைக்காய் இந்தக் கறிக்கு உதவாது.

அதனால்தான், இதற்கான தீவிரப் பயிற்சிக்கு ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் குழுவாகச் சேர்ந்து போகிறார்கள். முதலில் ஐந்து நாள் வகுப்பு. பிறகு பல மாதங்கள் சொந்த ஊரில் நோயாளிகளோடு வேலை. மறுபடி வந்து இன்னும் ஐந்து நாள். ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் சிகிச்சையாளராகவும் நடித்துப் பழகுகிறார்கள்.

நோயாளிக்குக் கற்றுத் தருவது நான்கு பாடங்கள்: இந்த நிமிஷத்தைக் கவனித்தல், துன்பத்தைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், மற்றவர்களிடம் பக்குவமாகப் பேசுதல். இவற்றை முதலில் சிகிச்சையாளர் தன் வாழ்க்கையில் செய்து பார்க்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

வகுப்பு முடிந்தாலும் பயிற்சி முடிவதில்லை. வாரா வாரம் சிகிச்சையாளர்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் சிக்கல்களைப் பேச வேண்டும். 'நாம் எல்லோருமே தவறக்கூடியவர்கள்' என்பது அந்தக் கூட்டத்தின் ஒப்பந்தங்களில் ஒன்று. யாராவது நோயாளியைப் பற்றி மட்டமாகப் பேசினால், ஒருவர் சின்ன மணியை அடிப்பார்!

வேடிக்கையாக இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். சாவைப் பற்றியே பேசுகிறவர்களோடு நாள் முழுக்க இருப்பவருக்கும் மனசு சலிக்கும். சலித்துவிட்டால், 'இவ சும்மா மிரட்டுறா' என்று ஒரு வார்த்தை வந்துவிடும். அந்த வார்த்தையோடு வீட்டுக்குப் போகிற பெண்ணின் கதி என்ன? அந்த மணி நம் பிள்ளைகளுக்காக அடிக்கும் மணி.

'நம்ம ஊர்ல ஆளே கிடைக்கலை, ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை இல்லையா?' என்று கேட்பார்கள். ஜலதோஷத்துக்கு அப்படிச் சமாளிக்கலாம், உயிரோடு சமாளிக்க முடியாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே குழுதான். ஊர் ஊராக இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் கூடலாம். வகுப்புக்கு அனுப்பும் மருத்துவமனைகள், வாரம் ஒரு மணி நேரம் இந்தக் கூட்டத்துக்கும் ஒதுக்க வேண்டும். அது வெட்டி நேரமல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

நீங்கள் செய்ய வேண்டியது? கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். 'எத்தனை நாள் பயிற்சி எடுத்தீங்க? நீங்க கலந்து பேச ஒரு குழு இருக்கா? ராத்திரியில நெருக்கடின்னா யாரைக் கூப்பிடணும்?' நன்றாகப் பயின்றவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

அதுவரை காத்திருக்க முடியாத அவசரம் என்றால், அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.