பொச்சாப்பும் நட்டஈடும்

வீதியிலே ஒருவன் வண்டியால் மோதுண்டு வீழ்ந்தால் நாம் அதனை ‘விபத்து’ என்கின்றோம். வடமொழியில் அச்சொல் கேடு, துன்பம் என்னும் பொருளது; அக்கேட்டைச் செய்தவர் யார் என்ற வினா அதனுள் இல்லை. இன்னும் ஒரு படி மேலே சென்று, ‘அவனுக்குக் காலம் சரியில்லை’ என்று கூறி அமைவாரும் உளர். பழியைக் கோள்களின்மேல் ஏற்றிவிட்டால் சாரதியின்மேல் ஏற்ற வேண்டியதில்லையன்றோ? இவ்வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதனாற்றான், சட்டநூலார் ‘கவனயீனம்’ எனக் குறிக்கும் பொருள் கற்றார்க்கும் தெளிவாக விளங்காதிருக்கின்றது என்பேன்.

கவனயீனம் என்றதும், மனம் வேறிடத்துச் சென்றிருந்த நிலை என்றே மாணவர் கொள்வர். சட்டமோ மனத்துள் எட்டிப் பார்ப்பதில்லை. நல்லறிவுள்ள குடும்பத்தலைவன் ஒருவன் அவ்விடத்து இருந்திருப்பின், இச்செயலாற் பிறர்க்குத் தீங்கு நேரலாமென முன்னுணர்ந்திருப்பானா? உணர்ந்து அதனைத் தடுக்க முயன்றிருப்பானா? எதிராளி அவ்வாறு முயன்றானா? இவையே அது கேட்கும் வினாக்கள். ‘பிரேக்’ பழுதென்பதை நன்கறிந்து, அதே நினைவாகப் பஸ்ஸை ஓட்டிவரும் சாரதியின் கவனத்திற் குறை காண முடியாது. ஆயினும் சட்டத்தின் முன் அவன் கவனயீனம் உடையவனே.

திருக்குறளிற் பொச்சாவாமை என்றோர் அதிகாரம் உண்டு. செல்வம், வலிமை முதலியவற்றால் வரும் மகிழ்ச்சியிற் கடைப்பிடி தளர்வதே பொச்சாப்பு என்ற கருத்திற் பரிமேலழகர் அதனை விளக்குவர். கவனயீனத்திற்கு இதனினும் நல்ல தமிழ்ச்சொல் வேண்டுமோ எனச் சிலர் என்னைக் கேட்டதுண்டு. சொல் நன்றே, ஆனால் அவ்வதிகாரம் பெரிதும் அஞ்சுவது பொச்சாந்தவன் தானே கெடுதலை. சட்டம் அஞ்சுவதோ, ஒருவன் பொச்சாக்க அயலான் கால் முறிதலை. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டும் ஒன்றெனப் பெருமை பேசுதல் புலமைக்கு அழகன்று.

நம் இலக்கியத்துள் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டுப் பாண்டியன் நெடுஞ்செழியனே. வஞ்சம் பொற்கொல்லனிடத்தது, அரசனிடத்து வஞ்சம் சிறிதும் இல்லை. அரசியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் விரைவில் அவன் ஆராயாது ஆணையிட்டான், அவ்வளவே. உரோமச் சட்டம் முன்னதை ‘டோலுஸ்’ என்றும் பின்னதைக் ‘குல்ப்பா’ என்றும் பிரிக்கும்; பிரித்தபின், ஈடு கோருதற்கு இரண்டில் ஒன்றே போதும் என்னும். இன்னொன்றும் நோக்கத்தக்கது. கோவலன் இறந்தது ஊழ்வினையால் என்பது இளங்கோவடிகளுக்கு உடன்பாடு. ஆயினும் ஊழைக் காட்டி அரசனை அவர் விடுவித்தாரல்லர். ஊழ் ஒருபுறம் நிற்க, அரசன் பிழை மறுபுறம் பிழையாகவே நிற்கின்றது. ‘எல்லாம் விதி’ என்பார் இக்காப்பியத்தைத் தம் பக்கம் சான்றாக அழைக்க முடியாது.

உரோமச் சட்டம் நமக்கு எவ்வாறு வந்தது? ஒல்லாந்தர் கொணர்ந்தனர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் அதனை நிலைபெறச் செய்தனர். 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை பெரிதும் முதுசம், சீதனம், ஒற்றி முதலியவற்றையே பேசுவது. ஆகையால் யாழ்ப்பாணத்து உழவன் ஒருவனின் முறிந்த கால், உரோமரின் அக்கீலியச் சட்டம் என்னும் முழக்கோலாலேயே அளக்கப்படுகின்றது. ஆங்கிலச் சட்டம் படித்தோர் 1932ஆம் ஆண்டின் நத்தை வழக்கையே முதலிற் கூறுவர். இஞ்சிப் பானப் போத்தலுள் அழுகிய நத்தை கிடந்ததாக ஸ்கொத்லாந்துப் பெண்ணொருத்தி தொடுத்த வழக்கு அது. அயலான் யாவன் என்று அற்கின் பிரபு கூறிய விளக்கம் உலகறிந்தது. வேடிக்கை யாதெனின், அந்த நத்தை உண்மையில் இருந்ததா என்பது நீதிமன்றில் ஒருபோதும் எண்பிக்கப்படவில்லை.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. எனக்குத் தெரிந்த கூலித் தொழிலாளி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் இரவிற் சைக்கிளில் வருங்கால், குத்தகைகாரர் ஒருவர் குழாய் பதிக்க வெட்டிய குழியில் வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தார். குழியைச் சுற்றித் தடுப்பில்லை, விளக்கில்லை. ஊரார் சனியைக் குறைகூறினர். சற்று அறிந்தவரோ, ‘உன் சைக்கிளிலும் விளக்கில்லையே; வழக்கு நில்லாது’ என்று வாயடைத்தனர். அவரும் அடங்கினார். மூன்றாண்டு கழித்து, கால் நேராகாதென்று வைத்தியர் சொன்ன பின்னரே சட்டத்தரணியிடம் சென்றார். 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி இத்தகைய ஈட்டு வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். காலம் கடந்துவிட்டது.

அறிந்தவர் கூறியதேனும் சரியா? அன்று. வழக்காளியின் கவனயீனமும் தீங்கிற் பங்குகொண்டதாயின், அப்பங்கிற்கேற்ப ஈட்டைக் குறைக்கலாமேயன்றி, அது காரணமாக முழுவதையும் மறுத்தலாகாது என 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. மருத்துவச் செலவும் இழந்த கூலியும், கழிக்க வேண்டியது கழித்து, அவருக்கு ஓரளவேனும் கிடைத்திருக்கும். அவரது பிழை குழி வெட்டியவரின் பிழையைத் துடைத்துவிடாது.

வழக்காடுதல் ஊரொற்றுமையைக் குலைக்கும் என்பார்க்கு ஒரு சொல். ஈடு என்பது பழிவாங்கல் அன்று, இழப்பை நிரப்புதல். தண்டிக்க வேண்டுமாயின் குற்றவியற் கோவை வேறாக இருக்கின்றது. நம் பழைய சட்டம் இதில் மிகவும் இறுக்கமாக இருந்தது: உறவினர் ஒருவர் இறந்தால், அவராற் பெற்றுவந்த பொருளுதவியின் இழப்பே ஈட்டுக்குரியது, துயருக்கு விலையில்லை. பச்சிளங் குழந்தையை இழந்த பெற்றோர் இதனால் வெறுங்கையராயினர். அன்பும் ஆதரவும் இழந்தமைக்கும் நெருங்கிய உறவினர் ஈடு கோர 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமே வழி வகுத்தது. மிகவும் காலந்தாழ்த்த திருத்தம்.

ஆசிரிய அன்பர்களை ஒன்று வேண்டுகின்றேன். வழக்குரை காதையைக் கற்பிக்கும்போது, ஆணையிடுமுன் பாண்டியன் கேட்டிருக்க வேண்டிய வினாக்கள் எவையென மாணவரையே எழுதச் சொல்லுங்கள். சிலம்பு யாருடையது, பரல் யாது, கண்டவர் யார், கொல்லன் சொல்லுக்குச் சான்று என்ன என அவர்கள் தாமே அடுக்குவர். அதன்பின் அந்தக் குழியையும் சைக்கிளையும் கரும்பலகையில் வரைந்து, அங்கும் அவ்வாறே வினாக்கள் கேட்கச் செய்யுங்கள். ஒரு பாடவேளை போதும்.