'தானா மறைஞ்சிடும்'னு காத்திருக்கலாமா? குழந்தையின் சிவப்புக் கட்டியும் 6-வது வார ஊசியும்

அச்சன்புதூர் பக்கம் குழந்தை பார்க்கப் போகும் வீடுகளில் இது நடக்கும். குழந்தையின் கன்னத்திலோ நெற்றியிலோ செக்கச்செவேல்னு ஒரு தடிப்பு. "கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா?"ன்னு ஒரு பெரியம்மா கேட்பார். பெற்றவள் தலையைக் குனிந்துகொள்வாள். "விடுங்க, தானா மறைஞ்சிடும்" என்பார் இன்னொருவர்.

முதல் பேச்சு முழுக்கத் தப்பு. இரண்டாவது பேச்சு பெரும்பாலும் சரி. ஆனால், அதை நம்பியே முக்கியமான சில வாரங்களைத் தவறவிடுகிறோம்.

அது என்ன?

ரத்தக்குழாய் செல்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வரும் கட்டி. பெயர் ஹீமாஞ்சியோமா. புற்றுநோய் இல்லை. 100 குழந்தைகளில் சுமார் 4, 5 பேருக்கு வரலாம். குறைமாதக் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் அதிகம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பிறந்தப்போ பெரும்பாலும் தெரியாது. 5 முதல் 7 வாரத்தில் படுவேகமாக வளரும். ஒரு வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கும்.

எப்போ காத்திருக்கக் கூடாது?

* கண் அருகே: பார்வையைப் பாதிக்கலாம்.
* உதடு, டயப்பர் போடும் இடம்: புண்ணாகலாம்.
* மூக்கு நுனி: வடிவமே மாறிவிடலாம்.
* தாடைப் பகுதி: மூச்சுப்பாதையிலும் கட்டி இருக்கலாம்.
* உடம்பில் 5 அல்லது அதற்கு மேல்: கல்லீரலை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

மருந்து இருக்கா?

இருக்கு. பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயப் பிரச்சினைக்காக ஒரு குழந்தைக்கு ப்ரொப்ரனலால் கொடுத்தபோது கட்டியும் சுருங்கியதைக் கவனித்து, 2008-ல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் மருந்து. சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது என்பதால், டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

என்ன செய்யலாம்?

கட்டி கண்ணில் பட்டதுமே டாக்டரிடம் காட்டுவதுதான் நல்லது. அது முடியாத வீடுகளுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 6-வது வாரத் தடுப்பூசிக்கு எல்லாக் குழந்தைகளையும் தூக்கிட்டுப் போறோம். கட்டி வேகமாக வளர்வதும் அதே நேரத்தில்தான். அன்று சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கப் பார்ப்பதை சுகாதாரத்துறை கட்டாயமாக்க வேண்டும். தனிச் செலவு இல்லை, இரண்டு நிமிஷ வேலை. தேவைப்பட்டால் தென்காசிக்கோ நெல்லைக்கோ அனுப்பலாம். 9-வது மாத ஊசி வரை விட்டால், வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும்.

அதுவரை பச்சிலை பூசாதீங்க, நூல் கட்டாதீங்க. வாரம் ஒரு போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க. அப்புறம், அந்த அம்மாவிடம் கிரகணம் பற்றிக் கேட்பதை நிறுத்துங்க.